பதினோரு பேர் போதுமா?

திங்கட்கிழமை காலைகளில் எலும்பு மருத்துவப் பிரிவின் நீள் இருக்கையில் ஒரு வகை நோயாளிகளை நாங்கள் தவறாமல் காண்கிறோம். கால்சட்டையில் சேறு காய்ந்திருக்கும். ஒரு காலில் செருப்பிருக்கும். மற்றொரு கால் வீங்கி, தரையில் படாமல் தொங்கும். தோள் கொடுத்து அழைத்து வந்த நண்பர்கள் சுவரோரம் நிற்பார்கள். ஜவ்வாது மலையின் பள்ளித் திடல்களிலும் அறுவடை முடிந்த கொல்லைகளிலும் ஞாயிறு முழுவதும் பந்து உதைத்த இளைஞர்கள் இவர்கள்.

எக்ஸ்ரே படம் வருமுன்னரே அவர்கள் கேட்கும் கேள்வி, "அடுத்த ஆட்டத்துக்குள் சரியாகிவிடுமா?" என்பது. அருகில் நிற்கும் தாய் கேட்பது, "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பது. உள்நோயாளர் பகுதியில், புளி உலுக்க மரமேறி விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கும் குடும்பத் தலைவர் இவ்விரண்டையும் கேட்பதில்லை. வீட்டில் ஆடுகளை யார் ஓட்டிச் செல்கிறார்கள் என்றே அவர் விசாரிக்கிறார்.

மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று வடிவங்கள். நான் எழுந்து வரும்வரை என் இடத்தில் யார் நிற்பது?

இந்தக் கேள்வியைக் கால்பந்துக் கழகங்கள் பல ஆண்டுகளாகத் தமக்குள் கேட்டு வருகின்றன. பெரும் பொருட்செலவில் அவை கற்ற பாடங்கள், பந்து உதைப்போர்க்கு மட்டுமன்றி, நோயாளியின் அருகே இரவு பகலாக விழித்திருப்போர்க்கும் பயன்படக்கூடியவை. ஆகவே இம்மாத இதழில் சிறிது நேரம் கால்பந்துத் திடலின் ஓரத்தில் அமர்ந்து பேசுவோம்.

காயம் என்பது கணக்கு

ஓர் ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பதினோரு பேர் போதும். ஆனால் 'சீசன்' என்று சொல்லப்படும் ஆட்டப் பருவம் பல மாதங்கள் நீள்வது. அதன் முடிவில் புள்ளிப்பட்டியலில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பதினோரு பேரால் மட்டும் தீர்மானிக்க இயலாது. அதனால்தான் பெரிய கழகங்கள் இருபத்தைந்து பேர் அளவில் அணி திரட்டுகின்றன.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் துணையுடன், ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவருடைய குழுவினரும் 2001-ஆம் ஆண்டு முதல் முன்னணிக் கழகங்களின் காயங்களைப் பதிவு செய்து வந்தனர். முதல் ஏழு பருவங்களின் பதிவுகளைத் தொகுத்தபோது தெரிந்தது இது: ஓர் ஆட்டக்காரருக்குப் பருவம் ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு காயங்கள்; இருபத்தைந்து பேர் கொண்ட அணிக்கு ஏறத்தாழ ஐம்பது காயங்கள். ஒரே அளவு நேரத்தை ஒப்பிட்டால், பயிற்சியில் நேர்வதைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு காயங்கள் போட்டியில் நேர்ந்தன.

அதே குழுவினர் பதினோரு பருவங்களை ஆராய்ந்து 2013-இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். எந்தப் பருவத்தில் காயத்தால் இழந்த நாட்கள் குறைவோ, ஆட்டத்துக்குத் தகுதியாக இருந்தவர்கள் மிகுதியோ, அந்தப் பருவத்தில் அணி தன் நாட்டு லீக் பட்டியலில் மேலேறியது என்பது அதன் சாரம்.

ஆகவே, காயத்தை யாரோ கண் வைத்ததன் விளைவாகவோ கெட்ட நேரமாகவோ எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது வரும். எவருக்கு, எந்த நாளில் என்பது மட்டுமே தெரியாது. மழை எந்த நாளில் வரும் என்று தெரியாவிட்டாலும், வரும் என்று அறிந்து கூரை வேய்பவரைப் போலத்தான் நல்ல பயிற்சியாளர் அணி திரட்டுகிறார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை எவரும் எதிர்பாராத வகையில் லெஸ்டர் சிட்டி வென்றது. அந்தப் பருவம் முழுவதும் அது களமிறக்கியவர்கள் 23 பேர் மட்டுமே; அந்த லீக்கில் மிகக் குறைந்த எண்ணிக்கை அதுவே. முதன்மை ஆட்டக்காரர்கள் உடல்நலத்தோடு நிலைத்தால் சிறிய அணியும் சிகரம் தொடலாம் என்பதற்கு அது சான்று. அடுத்த பருவத்தில் அதே கழகம் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. ஒரு நல்ல ஆண்டை நம்பி ஒவ்வோர் ஆண்டையும் திட்டமிட முடியாது.

சென்னை அணியின் கணுக்கால்

நம் மாநிலத்தின் சென்னையின் எஃப்.சி. அணி 2015-இலும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. 2019-20 பருவத்தில் தடுமாறித் தொடங்கி, பயிற்சியாளர் ஓவன் காயில் வந்தபின் எழுந்து, இறுதிப்போட்டி வரை சென்றது. அந்த எழுச்சியின் நடுநாயகமாக விளங்கியவர் பிரேசில் நாட்டு நடுக்கள வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோ. அவர் தாமே ஏழு கோல்களை அடித்தார். எட்டு கோல்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த பருவத்தில் அவரே அணித்தலைவர். கொரோனா காரணமாகப் போட்டிகள் அனைத்தும் கோவாவில், பார்வையாளர் இல்லாத திடல்களில் நடந்தன. 2020 டிசம்பர் மாத இறுதியில் கிரிவெல்லாரோவின் கணுக்காலில் கடுமையான காயம் ஏற்பட்டது. பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் அவர் விலக நேர்ந்தது. அவருக்கு மாற்றாக ஸ்பெயின் நாட்டு வீரர் மானுவேல் லான்சரோட்டேவை அணி ஜனவரியில் சேர்த்துக்கொண்டது.

பருவத்தின் முடிவில் கணக்கு இவ்வாறு இருந்தது: 20 ஆட்டங்கள், 3 வெற்றிகள், 6 தோல்விகள், 11 சமன்கள். அடித்த கோல்கள் 17 மட்டுமே. பட்டியலில் எட்டாம் இடம்.

பதினொன்று என்ற எண்ணைக் கவனியுங்கள். அந்த அணி சிதறிப் போகவில்லை. எளிதில் தோற்கவும் இல்லை. காவல் அரண் நின்றது. பந்தைக் கடைசியாக வலைக்குள் அனுப்பும் வழியை அறிந்த ஒருவர் இல்லாததால், வெல்ல வேண்டிய ஆட்டங்கள் சமனில் நின்றன. காயத்தின் சேதம் எப்போதும் படுதோல்வியாகக் காட்சியளிப்பதில்லை. பல வேளைகளில் அது கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலையாகவே வெளிப்படுகிறது.

எல்லாப் பழியையும் ஒரு கணுக்காலின்மேல் சுமத்துவது நியாயமாகாது. முந்தைய பருவத்தில் 15 கோல்கள் அடித்த நெரியுஸ் வால்ஸ்கிசும் பயிற்சியாளர் காயிலும் ஏற்கனவே ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றிருந்தனர். இருவர் போனபின் எஞ்சியிருந்த ஒரே தூணில் பாரம் முழுவதும் இறங்கியது. அந்தத் தூணும் சாய்ந்தபோதுதான் அணியின் ஆழம் எவ்வளவு என்பது வெளியே தெரிந்தது.

கிரிவெல்லாரோ பின்னர் சென்னை அணியை விட்டுப் பிரிந்தார். 2023-இல் மீண்டும் அதே அணிக்குத் திரும்பினார். காயிலும் பயிற்சியாளராகத் திரும்பியிருந்த அந்தப் பருவத்தில் சென்னை ஆறாம் இடம் பிடித்துத் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய ஒருவர் மீண்டும் அதே நீலச் சட்டையில் நிற்பதைக் கண்டபோது, எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் ஊன்றுகோலோடு நடைபழகும் ஒவ்வொருவரின் முகமும் எங்கள் நினைவுக்கு வந்தது.

ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டை

அணியின் ஆழம் என்பதற்கு ஆட்களின் எண்ணிக்கை மட்டும் பொருளாகாது. இதை லிவர்பூல் கழகத்தின் 2020-21 பருவம் காட்டுகிறது.

முந்தைய பருவத்தில் 99 புள்ளிகளுடன் இங்கிலாந்தின் பட்டத்தை வென்ற அணி அது. 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அதன் தலைசிறந்த பின்காவலர் வெர்ஜில் வான் டைக்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. நவம்பரில் மற்றொரு பின்காவலர் ஜோ கோம்ஸ், தேசிய அணியின் பயிற்சியில் முழங்காலில் காயமுற்றார். ஜனவரி இறுதியில் மூன்றாமவரான ஜோயல் மாட்டிப்பும் கணுக்கால் காயத்தால் விலகினார். நடுப் பின்வரிசைக்கென்று வைத்திருந்த மூவரும் பருவம் முடியும்வரை இல்லை.

அப்போது பயிற்சியாளர் யூர்கன் கிளாப் செய்தது, எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய ஒன்று. கையிலிருந்த மிக நம்பிக்கையான ஆட்களான நடுக்கள வீரர்கள் ஃபாபின்யோவையும் ஹென்டர்சனையும் பின்வரிசைக்கு இழுத்தார். பின்வரிசை ஓரளவு அடைபட்டது. ஆனால் நடுக்களம் காலியாயிற்று. பந்தை மீட்டெடுத்து முன்னே அனுப்ப ஆளில்லை. முன்களத்தார் பட்டினி கிடந்தனர். சொந்தத் திடலில் தொடர்ந்து 68 லீக் ஆட்டங்கள் தோற்காதிருந்த அணி, அதே திடலில் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றது.

மீட்சி வந்த விதமும் கவனிக்கத்தக்கது. அதுவரை பெரிதும் அறியப்படாத நாதேனியல் ஃபிலிப்ஸ் பின்வரிசையில் நிலையாக நிறுத்தப்பட்டார். முந்தைய பருவத்தில் இங்கிலாந்தின் ஆறாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ரீஸ் வில்லியம்ஸும் அவரோடு நின்றார். ஃபாபின்யோ தமக்குரிய நடுக்களத்துக்குத் திரும்பினார். புதியவர்கள் வான் டைக்குக்கு ஈடானவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நின்றபோது அணி நிமிர்ந்தது. கடைசிப் பத்து ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், எட்டில் வென்று, 69 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

இந்தப் பக்கத்தை எழுதும்போது எங்கள் கண்முன் வருவது வேறு காட்சி. தந்தை படுக்கையில் விழுகிறார். தாய் அவரோடு மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார். வீட்டையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகள் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். "கொஞ்ச நாளுக்குத்தான்" என்கிறார்கள். பின்வரிசை அடைபடுகிறது, நடுக்களம் காலியாகிறது. தந்தை மூன்று மாதத்தில் எழுந்து நடப்பார். அந்தப் பெண் வகுப்புக்குத் திரும்பாமலே போய்விட்டால், அந்தக் காயத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை.

ஆகவே உங்களில் எவர் வீட்டிலும் இப்படியொரு நிலை வந்தால், முடிவெடுக்குமுன் எங்கள் செவிலியரிடமோ சமூகப் பணியாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டார், ஊர்ப் பெரியவர் என்று 'ஆறாம் நிலைப் பிரிவில்' நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். மகளைப் போல் நேர்த்தியாக அவர் செய்யமாட்டார் என்று தோன்றலாம். மகள் தன் இடத்தில் நிற்பதற்காக அவருடைய குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜகார்த்தாவில் ஒரு தலைக்கட்டு

இந்தியக் கால்பந்தின் பொற்கணமாகச் சொல்லப்படுவது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற இந்தியா, அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றது. அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. பின்காவலர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. தையல் போட வேண்டியதாயிற்று.

ரஹீம் ஜர்னைலை அடுத்த ஆட்டத்தில் இறக்கவில்லை. அவர் இல்லாமலே இந்தியா ஜப்பானை 2-0 என்று வென்றது. அரையிறுதியில் தலையில் கட்டுடன் திரும்பிய அவரைப் பின்வரிசையில் நிறுத்தாமல் முன்களத்துக்கு அனுப்பினார் ரஹீம். பின்வரிசையை அருண் கோஷ் தாங்கினார். தென் வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது. காய்ச்சலில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார்.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். எதிரில் மீண்டும் தென்கொரியா. காய்ச்சல் நீங்கிய தங்கராஜ் தம் இடத்துக்கு வந்தார். பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

இந்தக் கதையை ஜர்னைலின் வீரமாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். அது வீரம்தான். மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் அதில் இன்னும் இரண்டைக் காண்கிறோம். ஒன்று, பர்மனும் கோஷும் ஆயத்தமாக இருந்தார்கள் என்பது. அவர்கள் இல்லையென்றால் காய்ச்சலோடு தங்கராஜும், தையல் போட்ட தலையோடு ஜர்னைலும் ஒரு நாள்கூட ஓய்வின்றி ஆடியிருக்க வேண்டும். மற்றொன்று, இன்றைய மருத்துவம் தலைக்காயத்தை அத்தனை எளிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது. தலையில் அடிபட்டவரை வெளியே எடுத்து, அதற்கென்று கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க 2021 முதல் கால்பந்து விதிகளில் வழி செய்யப்பட்டு வருகிறது.

உலகக்கோப்பையில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கமே 1970-இல்தான் வந்தது. அதற்குமுன் காயமுற்றவர் நொண்டியபடி களத்தில் நிற்க வேண்டும். அல்லது அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். 1962 உலகக்கோப்பையில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக ஆடுகையில் காயமுற்ற பெலே அப்படித்தான் நின்றார். அடுத்த ஆட்டங்களில் அவர் இடத்தில் இறங்கிய அமரில்டோ, ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல்களும் இறுதிப்போட்டியில் ஒரு கோலும் அடித்தார். பிரேசில் கோப்பையை வென்றது. இன்றோ பெரும்பாலான உயர்நிலைப் போட்டிகளில் ஓர் ஆட்டத்தில் ஐவரை மாற்றலாம். களைத்தவரை வெளியே அழைப்பது அவமதிப்பு ஆகாது என்பதைக் கால்பந்து மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது.

வலி நின்றது, காயம் ஆறியதா?

ஐரோப்பிய ஆய்வில் எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றும் எண் வேறொன்று. மொத்தக் காயங்களில் 12 விழுக்காடு, ஏற்கனவே பட்ட இடத்திலேயே மீண்டும் பட்டவை. முதன்முறை காயத்தால் இழந்த நாட்கள் சராசரியாக 18 என்றால், மறுகாயத்தால் இழந்தவை 24. ஒரு வாரம் முன்னதாக ஓடி வந்தவர், அதைவிட அதிக நாட்கள் மீண்டும் படுக்க நேரலாம்.

கணுக்கால் சுளுக்கில் வலியும் வீக்கமும் சில நாட்களில் குறையும். உள்ளே நைந்த ஜவ்வு வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். கால் எங்கே ஊன்றுகிறது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் அதுவரை மந்தமாகவே இருக்கும். மேடு பள்ளமான நம் மலைத் திடலில் அந்தக் கால் மீண்டும் மடங்குவது எளிது. கணுக்கால் எலும்பு முறிந்தால் அது கூடுவதற்கே பொதுவாக ஆறு வாரம் அளவில் ஆகும். பழைய வலு திரும்ப மேலும் மாதங்கள் ஆகும். முழங்கால் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், ஒன்பது மாதங்களாவது கழியாமல் போட்டிக்குத் திரும்பினால், மீண்டும் காயமுறும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுவோரிடம் நாங்கள் சொல்வதையே இங்கும் சொல்கிறோம்: அறிகுறி மறைவது பாதி வழி. மீதி வழியையும் நடந்து முடிக்க வேண்டும். முதலில் வலியின்றி நடத்தல், பின்னர் ஒற்றைக் காலில் நிற்றலும் குதித்தலும், அடுத்து நேராக ஓடுதல், அதன்பின் வளைந்து திரும்பி ஓடுதல், பின் முழுப் பயிற்சி, கடைசியில்தான் ஆட்டம். எந்தப் படியில் வலி வருகிறதோ அங்கிருந்து ஒரு படி கீழே இறங்குங்கள்.

அடிபட்ட உடனே செய்ய வேண்டியவை சில. ஆட்டத்தை நிறுத்தி, காலை உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை, கிடைக்காவிட்டால் குளிர்ந்த ஈரத்துணியை, பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுங்கள். முதல் இரண்டு நாட்கள் எண்ணெய் போட்டு உருவுவதும் சூடான ஒத்தடமும் வேண்டா. நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், கால் கோணலாகத் தெரிந்தாலும், மரத்துப் போனாலும் உடனே வாருங்கள். எவர் கட்டிய கட்டானாலும், விரல் நுனி நீலமாகவோ சில்லென்றோ மாறினால் அதைத் தளர்த்திவிட்டு விரைந்து வாருங்கள். தலையில் அடிபட்டவர் மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, குழம்பிப் பேசினாலோ 108-ஐ அழையுங்கள். அன்று அவர் மீண்டும் களமிறங்கக் கூடாது.

காயம் வருமுன் தடுக்கவும் வழியுண்டு. ஓட்டம், தசை வலுவூட்டல், சமநிலை, குதித்து இறங்குதல் ஆகியவை அடங்கிய இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பு ஒன்று 'ஃபிஃபா 11+' என்ற பெயரில் வழக்கில் உள்ளது. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுள்ள பெண் ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், அதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின. கருவி எதுவும் தேவையில்லை. பந்தும் திடலும் போதும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் விரும்பினால் எங்கள் இயன்முறை சிகிச்சையாளர்களிடம் இதைக் கேட்டறியலாம்.

வீடு என்னும் அணி

இனி உடனிருப்போரிடம் சில சொற்கள்.

பக்கவாதம் வந்தவரையோ எலும்பு முறிந்தவரையோ வீட்டில் வைத்துப் பார்ப்பது ஓர் ஆட்டமன்று. அது ஒரு பருவம். முதல் வாரத்தில் உறவினர் அனைவரும் வருவார்கள். பழம் வாங்கி வருவார்கள். ஆறாம் வாரத்தில் ஒருவர் மட்டுமே எஞ்சியிருப்பார். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மருமகளாகவோ தாயாகவோ இருப்பார். அவருக்கு மாற்று ஆட்டக்காரர் இல்லை. கொல்லையில் சாமை முற்றி நிற்கும். போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும். இரவில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தம் சர்க்கரை மாத்திரை தீர்ந்து பத்து நாளானதை அவர் எவரிடமும் சொல்லமாட்டார். முதுகு பிடித்துக்கொண்டு அவரும் ஒரு நாள் எங்கள் முன் வந்து அமரும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

நல்ல பயிற்சியாளர், ஆட்டக்காரர் கீழே விழும்வரை காத்திருப்பதில்லை. கால்கள் கனக்கத் தொடங்கியதைக் கண்டதும் பலகையை உயர்த்தி மாற்றிவிடுகிறார். வீட்டிலும் அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யலாம்.

வீடு திரும்பும் நாளில் எங்கள் செவிலியர் புண்ணைக் கட்டும் முறையையும், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டும் முறையையும், மருந்து கொடுக்கும் வேளையையும் சொல்லித் தருவார். அன்று ஒருவர் மட்டும் வராதீர்கள். இருவர் வந்து கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாமவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பணியைத் தம் கையால் செய்யட்டும். பயிற்சியே இல்லாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர், திடீரென்று இறக்கப்பட்டால் தடுமாறுவார். மருந்தின் பெயர், வேளை, மறுமுறை வரவேண்டிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, எவர் கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

மாற்று ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வெளியேயும் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளையும், தேவைப்படுவோர்க்கு இயன்முறை சிகிச்சையையும், வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையையும் அது வீட்டு வாயிலுக்கே கொண்டு வருகிறது. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்பதில் தாழ்வேதும் இல்லை.

படுத்திருப்பவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். தம் இடத்தில் வேறொருவர் நிற்பதைக் காண்பது எளிதன்று. இனி நாம் தேவையில்லையோ என்ற எண்ணம் இரவில் வந்து அமரும். 1962-இல் பர்மன் கோலைக் காத்ததால் தங்கராஜின் இடம் பறிபோகவில்லை. காய்ச்சல் நீங்கி வந்தபோது இறுதி ஆட்டம் அவருக்காகக் காத்திருந்தது. உங்கள் இடத்தில் நிற்பவர் அதை உங்களுக்காகவே காத்து நிற்கிறார். அவர் நிற்கும்வரை அவசரமின்றிப் படுத்திருங்கள்.

திங்கட்கிழமை வந்த இளைஞர்களிடம் நாங்கள் சொல்லும் மறுமொழியும் இதுவே. அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு வாருங்கள். ஆனால் திடலின் ஓரத்தில் அமர்ந்து, உங்கள் இடத்தில் இறங்கும் தம்பிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் திரும்பி வரும் நாளில் உங்கள் அணியில் ஆட்டம் தெரிந்தவர் ஒருவர் கூடியிருப்பார்.